இரண்டு மாத அவகாசம்

மூன்றாவது பத்தியை அடித்து முடித்ததும் ஆர்தர் டைப்ரைட்டரின் உருளையைத் திருப்பித் தாளைச் சற்று மேலே ஏற்றினார். தாளின் அடியில் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. அதற்கும் மூன்றாம் பத்திக்கும் நடுவே எவ்வளவு இடம் மிச்சம் என்று ஸ்கேல் வைத்து அளந்தார். நான்கு வரி போகும்.

எதிர் மேஜையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்த உலகநாதன் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், கையெழுத்து முதல்ல, லெட்டர் அப்புறமா?"

"பாப்பா போட்டுக் குடுத்துட்டுப் போயிருக்கா. அவளும் அவ மம்மியும் நேத்து நாசரேத்துக்குக் கெளம்பிட்டாங்க. சொந்தத்துல கல்யாணம். திரும்பி வர பதினாறாயிடும். பம்பாய்க்காரன் பதினாலுக்குள்ள பதில் கேக்கிறான்."

"சேர்றேன்னு சொல்ல ஒரு லைன் போதுமே சார். இப்பவே மூணு பத்தி ஆயிடுச்சு."

"நாலாவது வருது," என்று சொல்லிவிட்டு ஆர்தர் அடிக்க ஆரம்பித்தார்.

நாலாவது பத்தி அவருக்கு யோசிக்க வேண்டாத ஆங்கிலம். தவிர்க்க இயலாத குடும்பச் சூழ்நிலை காரணமாக, குறிப்பிட்ட தேதியில் பணியில் சேர இயலாத நிலையில் இருப்பதால், பணியில் சேரும் காலத்தை இரண்டு மாதம் நீட்டித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சரியாக நான்கு வரி. மகள் பியூலாவின் கையெழுத்துக்கு மேல் கடைசி எழுத்து வந்து நின்றது.

"அவகாசமா?" உலகநாதன் சோற்றில் கை வைத்தபடியே கேட்டார். "எதுக்கு சார்?"

"அதான் எழுதியிருக்கேன்ல."

உலகநாதன் சிரித்தார். தவிர்க்க இயலாத குடும்பச் சூழ்நிலை என்பது அவர்கள் வேலை பார்த்த தொழிற்சாலை ஆபீசின் பொதுச் சொத்து. அங்கே வரும் மனுக்களில் பாதி அதை வைத்துத்தான் ஓடியது. அந்தச் சூழ்நிலை என்ன என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

"பம்பாய்க்காரன் குடுப்பானா சார்?"

"குடுக்காம யாரு இருந்திருக்கா? நீயே சொல்லு. இத்தனை வருஷத்துல நம்ம செக்‌ஷன்ல ஒரு எக்ஸ்டென்ஷன் ரிஜெக்ட் ஆயிருக்கா?"

உலகநாதன் யோசித்துப் பார்த்தார். "கோட்டயத்துக்காரன் ஒருத்தன் பதினோரு மாசம் வாங்கினானே."

"தங்கச்சி கல்யாணம். அப்புறம் அவன் கல்யாணம். அப்புறம் அவன் பொண்டாட்டி பிரசவம். மூணுக்கும் நோட் போட்டது நான்தான். இன்னிக்கு ஃபோர்மேனா இருக்கான்."

"சரிதான். சார் கை பட்ட லெட்டருக்கு ஆண்டவரே நோ சொல்ல மாட்டாரு."

ஆர்தர் தாளை உருவினார். கார்பன் பிரதியைப் பிரித்து, அதில் 'ஆபீஸ் காப்பி' என்று பென்சிலால் எழுதி, வீட்டுக்குக் கொண்டுபோகப் பையில் வைத்தார். அசலை உறையில் போட்டு, சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் டவுன்ஷிப் தபாலாபீசுக்கு நடந்துபோய் ரிஜிஸ்டர் செய்துவிட்டு வந்தார். 1986, ஏப்ரல் மூன்று. வியாழக்கிழமை.

ஆர்தர் பிறந்தது செகந்திராபாத் மெட்டுகுடாவில். அப்பா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஆர்தருக்கு எந்திரம் ஒத்துவரவில்லை. மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் இருந்த இன்ஸ்டிட்யூட்டில் டைப் படித்து, ராணுவக் கிடங்கு ஒன்றில் பன்னிரண்டு வருஷம் சரக்குச் சீட்டு அடித்தார். ராமச்சந்திராபுரத்துக் கரிசல் காட்டில் மின்சார எந்திரங்கள் செய்யும் பெரிய தொழிற்சாலை எழும்பியபோது, முப்பத்தாறாவது வயதில், எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் கிளார்க்காக வந்து சேர்ந்தார். இப்போது சூப்பிரண்டெண்ட். ஜூன் முப்பதாம் தேதி ஓய்வு.

இருபத்திரண்டு வருஷத்தில் தொழிற்சாலைக்குள் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வேலை உத்தரவு அடித்தது அவர்தான். ஒவ்வொரு உத்தரவின் கடைசியிலும் ஒரே வாக்கியம் இருக்கும். இன்ன தேதிக்குள் தவறாமல் பணியில் சேர வேண்டும், தவறினால் இந்த உத்தரவு ரத்தாகும். உத்தரவு போகும். பத்து நாளில் அவகாசம் கேட்டுப் பதில் வரும். 'அனுமதிக்கலாம்' என்று அவரே குறிப்பு எழுதி மேலே அனுப்புவார். மேலே இருப்பவர் கையெழுத்துப் போடுவார். ரத்து என்ற சொல் அந்தக் கட்டடத்தில் யாரையும் எதுவும் செய்ததில்லை.

மாலை வேளைகளில் டவுன்ஷிப்பில் அவர் வீட்டைத் தேடி ஆட்கள் வருவார்கள். குவார்ட்டர்ஸ் மாற்றக் கேட்டு மனு, மகனுக்கு ஸ்கூல் சீட் கேட்டு மனு, மாமனார் காரியத்துக்கு லீவு நீட்டிக்க மனு. தெலுங்கில் சொல்வார்கள், உருதுவில் சொல்வார்கள். ஆர்தர் ஆங்கிலத்தில் எழுதித் தருவார். ஒரு பைசா வாங்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை முடிந்ததும் சபைக்கு வரும் கடிதங்களுக்கும் அவரே பதில் எழுதினார். தனக்குத் தெரிந்த ஒரே வேலை அது என்று அவருக்குத் தெரியும். அதில் தவறு வரும் என்று அவர் நினைத்ததில்லை.

பம்பாய்க் கடிதம் ஏப்ரல் ஒன்றாம் தேதி வந்தது. பியூலா அதைச் சாப்பாட்டு மேஜைமேல் விரித்து, நான்கு மூலையிலும் டம்ளர் வைத்து, மூன்று தடவை படித்தாள். பிறகு மம்மிக்குச் சொன்னாள். மெர்ச்சன்ட் பேங்கிங் என்று பெயர்.

"வியாபாரி பேங்கா?" ஜெயசுந்தரி கேட்டாள். "கவுண்டர்ல உக்காரணுமோ?"

"கவுண்டரே கிடையாது மம்மி. பணம் போட எடுக்க யாரும் வர மாட்டாங்க."

"பின்ன அது என்னளா பேங்கு?"

"ஒரு கம்பெனி புதுசா ஃபேக்டரி கட்டணும்னு வச்சுக்கோங்க. பணம் வேணும். ஜனங்களுக்கு ஷேர் வித்து எடுப்பான். என்ன விலைக்கு விக்கணும், எப்ப விக்கணும், அந்தக் கம்பெனி சொல்றது உண்மையா பொய்யான்னு பாத்து புக் அடிக்கணும். அதெல்லாம் நாங்க செய்யணும்."

நாங்கள் என்று அவள் சொன்னது ஆர்தரின் காதில் விழுந்தது.

இன்னொரு கடிதம் மார்ச்சிலேயே வந்திருந்தது. ஹைதராபாத் கோட்டியில் தலைமை அலுவலகம் வைத்திருந்த ஓர் அரசு வங்கி. அங்கேயும் அதே பெயரில் ஒரு பிரிவு புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் அது தற்காலிகத் தேர்வுதான். மருத்துவப் பரிசோதனை, போலீஸ் விசாரணை எல்லாம் முடிந்துதான் உத்தரவு வரும். வந்தாலும் முதல் இரண்டு வருஷம் கிளைகளில் சேமிப்புக் கணக்கு, நகைக் கடன், டிராஃப்ட் என்று சுற்றி வந்த பிறகுதான் அந்தப் பிரிவு. நேர்முகத்தில், கல்யாணமானால் என்ன செய்வாய் என்பதைத்தான் அவர்கள் அதிக நேரம் கேட்டார்கள். பம்பாயில் மே ஐந்தாம் தேதியே வேலை. அன்றைக்கு ஒரு சிமென்ட் கம்பெனியின் பங்கு வெளியீடு தொடங்குகிறது, அந்தக் குழுவில் நீ நாலாவது ஆள் என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள்.

பம்பாய் நேர்முகத்துக்கு ஆர்தர் கூடப் போயிருந்தார். பதினோராவது மாடிக்கு மகள் மட்டும் போனாள். அவர் கீழே கடற்கரைச் சுவரில், மடியில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரம் கழித்து, டை கட்டிய இளைஞர் ஒருவர் பியூலாவோடு கீழே வரைக்கும் வந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். உங்கள் மகள் எங்களைக் கேட்ட கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை என்றார். மாதிரிக்கென்று அவர்கள் கொடுத்த பிராஸ்பெக்டஸ் புத்தகத்தில், உருக்காலை வருஷத்துக்கு இவ்வளவு டன் செய்யும் என்று ஒரு பக்கத்தில் இருந்தது. ஆறு பக்கம் தள்ளி மின்சாரத் தேவை இருந்தது. இவ்வளவு மின்சாரத்தில் இத்தனை டன் உருகாது என்று அவள் சொல்லியிருக்கிறாள். எப்படித் தெரியும் என்று கேட்டார்களாம். எங்கள் டவுன்ஷிப்பில் எல்லோருக்கும் தெரியும் என்றாளாம்.

திரும்பி வரும்போது ரயிலில் ஆர்தர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துக் கேட்டார்.

ஆகவே பம்பாயா ஹைதராபாத்தா என்பதில் பேச எதுவும் இருக்கவில்லை. பேச்சு இரண்டு நிமிஷத்தில் முடிந்தது.

"ரெண்டும் கையில வரட்டுமே பாப்பா. கோட்டி ஆர்டரும் வந்துட்டா, பாத்து முடிவு பண்ணலாம்."

"முடிவு பண்ணியாச்சு டாடி."

நாசரேத் ரயிலுக்குப் பெட்டி கட்டும்போது இரண்டு வெள்ளைத்தாளை எடுத்து, இரண்டிலும் அடியில் கையெழுத்துப் போட்டு அவரிடம் தந்தாள். "ஒண்ணு பம்பாய்க்கு அக்செப்டன்ஸ். ஒண்ணு கோட்டிக்கு, வேணாம்னு. ஒன் லைன் போதும் டாடி. ஜாஸ்தி நக்கோ."

"ஹவ்மா," என்றார் ஆர்தர். வேண்டாமுக்கு நக்கோ, ஆமாமுக்கு ஹவ் என்று அந்த ஊர் உருது அவர்கள் வீட்டுத் தமிழிலும் கலந்திருந்தது.

கோட்டிக்கான தாளை அவர் அடிக்கவில்லை. அடிக்க என்ன அவசரம் என்று ஃபைலுக்குள் வைத்தார்.

நாலாவது பத்திக்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவர் உலகநாதனிடம் சொல்லவில்லை. தனக்கே முழுதாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

தொழிற்சாலையில் ஒரு வழக்கம். ஓய்வு பெறுகிறவரை அன்று பிற்பகல் மூன்று மணிக்கு நிர்வாகக் கட்டடத்தின் படிகளுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். இரண்டு பக்கமும் குடும்பம். பின்னால் செக்‌ஷன் முழுவதும் நிற்கும். போட்டோ எடுத்த பிறகு மாலையோடு ஜெனரல் மேனேஜரின் காரில் குடும்பத்தையும் ஏற்றி வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுவார்கள். அந்தக் கார் டவுன்ஷிப் தெருக்களில் மெதுவாகப் போகும். ஆட்கள் வாசலுக்கு வந்து கை காட்டுவார்கள். ஆர்தர் இருபத்திரண்டு வருஷமாகப் பின்வரிசையில் நின்ற போட்டோக்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. நாற்காலியில் உட்காரப்போகும் நாளில் ஒரு பக்கம் ஜெயசுந்தரி, மறுபக்கம் பியூலா. ஜூலையில் போகட்டும். இரண்டு மாதத்தில் பம்பாயில் கடல் வற்றிவிடாது.

பதினாறாம் தேதி தாயும் மகளும் திரும்பினார்கள். "அனுப்பிட்டீங்களா டாடி?" என்று வாசலிலேயே கேட்டாள். அனுப்பியாயிற்று என்று ரிஜிஸ்டர் ரசீதைக் காட்டினார். மறுநாள் அவள் ஆபிட்ஸுக்குப் போய் நீலநிறப் பெட்டி ஒன்று வாங்கி வந்தாள். மூன்று காட்டன் சேலை வாங்கினாள். பம்பாயில் பெண்கள் விடுதி ஒன்றுக்கு எழுதிப்போட்டாள். ஆர்தர் பெட்டியின் பூட்டைச் சரிபார்த்துக் கொடுத்தார். அவகாசம் கிடைத்ததும் சொல்லலாம், அப்போது சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார். பெட்டி எப்படியும் தேவைப்படும்.

பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை. தபால்காரர் பதினோரு மணிக்கு வந்தார். ஆர்தர் அன்று அரைநாள் லீவில் வீட்டில் இருந்தார். பியூலா உறையைக் கிழித்து நின்றபடியே படித்தாள். ஐந்து வரிக் கடிதம்தான். ஆனாலும் அவள் நெடுநேரம் படித்தாள்.

"இனெபிலிட்டி டு ஜாயின்னு போட்டிருக்கான்," என்றாள். "சேர முடியாதுன்னு நான் எப்ப சொன்னேன்?"

ஆர்தர் கையை நீட்டினார். கொடுக்காமல் அவளே படித்தாள். குறிப்பிட்ட தேதியில் சேர இயலாது என்ற உங்கள் நிலையைக் கவனித்தோம். வேலை மே ஐந்தாம் தேதி தொடங்குவதால் அடுத்த தகுதியாளருக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டோம். உங்கள் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள்.

"டாடி, நீங்க என்ன எழுதினீங்க?"

ஆர்தர் உள்ளே போய் ஃபைலைக் கொண்டுவந்தார். ஆபீஸ் காப்பியைப் பிரித்து அவள் முன்னால் வைத்தார். முப்பத்துநாலு வருஷப் பழக்கம். யார் எதைக் கேட்டாலும் முதலில் பிரதியை எடுத்துக் கொடுப்பார். மகள் அதைப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் தான் எதைக் கொடுத்தோம் என்று அவருக்கு உறைத்தது.

முதல் பத்தி, இரண்டாம் பத்தி, மூன்றாம் பத்தி. அவள் கண் நாலாவதில் நின்றது.

"ஒன் லைன் சொன்னேனே டாடி."

"அது சும்மா ஒரு ரிக்வெஸ்ட்தான் பாப்பா. எல்லாரும் கேக்கிறதுதான். கேட்டா குடுப்பாங்க. குடுக்கலேன்னா, இல்ல, அந்தத் தேதிக்கே வான்னு எழுதுவாங்க. அதான் முறை."

"யாரோட முறை?"

ஆர்தர் பிரதியின் மடிப்பை விரலால் நேராக்கினார்.

"என்ன குடும்பச் சூழ்நிலை?" என்று அவள் கேட்டாள். கோபமாகக் கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "மம்மிக்கு ஏதாவதா? உங்களுக்கு ஏதாவது உடம்புக்கா? எங்கிட்ட சொல்லாம இருக்கீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"பின்ன என்ன?"

அடுக்களை வாசலில் ஜெயசுந்தரி கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "பிள்ள கேக்கால்லா. சொல்லுங்களேன்."

ஒரு போட்டோவுக்காக என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "அப்படி எழுதறது வழக்கம்," என்றார்.

பியூலா செருப்பை மாட்டிக்கொண்டு தபாலாபீசுக்குப் போய் பம்பாய்க்கு டிரங்க் கால் பதிவு செய்தாள். ஆர்தரும் பின்னாலேயே போய் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று இணைப்புக் கிடைக்க. சனிக்கிழமையானாலும் அந்த டை கட்டிய இளைஞர் இருந்தார். பியூலா ஆங்கிலத்தில் பேசினாள். தெளிவாக, மெதுவாகப் பேசினாள். மே ஐந்தாம் தேதி என்றாள். மே ஒன்றாம் தேதியே வர முடியும் என்றாள். பிறகு வெறுமே கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று நிமிஷம் முடிந்ததும் வைத்துவிட்டாள்.

திரும்பி நடக்கும்போது, வேப்பமரத்து நிழலில் நின்று சொன்னாள்.

"புனாக்காரப் பையன் ஒருத்தன் நேத்து சைன் பண்ணிட்டானாம். வேற ஆஃபரை வச்சுக்கிட்டு இழுக்கறேன்னு நினைச்சாங்களாம். அவங்க லைன்ல டைம் கேட்டா அதுதான் அர்த்தமாம்."

ஆர்தர் தலையை ஆட்டினார்.

"லெட்டர் ரொம்ப நல்லா டிராஃப்ட் பண்ணியிருந்துச்சுன்னு சொன்னார்."

அதை அவள் குத்திக்காட்டச் சொன்னாளா, அந்த இளைஞர் சொன்னதை அப்படியே சொன்னாளா என்று ஆர்தருக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகவில்லை என்று பியூலா படுத்திருந்தாள். திங்கட்கிழமை ஆர்தர் ஆபீசில் உட்கார்ந்து பம்பாய்க்கு இன்னொரு கடிதம் அடித்தார். பிழை முழுவதும் தந்தையுடையது, மகள் அறியாள், கருணைகூர்ந்து மறுபரிசீலனை செய்ய வேண்டும். கிழித்தார். மறுபடி அடித்தார். நாலாவது தடவை அடித்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து மகளிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "இனிமே எனக்காக எதுவும் எழுத நக்கோ டாடி," என்றாள். ஜெயசுந்தரி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

பிறகு பியூலாவே கேட்டாள். "கோட்டி லெட்டர்? வேணாம்னு அனுப்பிட்டீங்களா?"

"இல்ல. அனுப்பல."

"சரி."

நீலப் பெட்டி பரணுக்குப் போனது. விடுதியிலிருந்து இடம் இருக்கிறது என்று மே மாதம் கார்டு வந்தது. மே கடைசியில் வீட்டுக்குப் போலீஸ்காரர் ஒருவர் வந்து, பியூலா நல்ல பெண்தானா என்று பக்கத்துக் குவார்ட்டர்ஸில் விசாரித்து, டீ குடித்துவிட்டுப் போனார். ஜூன் ஒன்பதாம் தேதி கோட்டியிலிருந்து உத்தரவு வந்தது. பதில் கடிதத்தைப் பியூலா கையாலேயே எழுதினாள். தபாலில் போடும் முன் மேஜைமேல் இருந்ததை ஆர்தர் பார்த்தார். ஒரே வரி. அதில் ஒரு குறையும் இல்லை.

பதினாறாம் தேதி வேலையில் சேர்ந்தாள். நாராயணகுடா கிளையில் சேமிப்புக் கணக்குக் கவுண்டர். காலை ஏழு பத்து ஆர்.டி.சி. பஸ்ஸில் போய் மாலை ஏழேகாலுக்கு வருவாள். எப்படி இருக்கிறது என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்பாள். கவுண்டரில் உட்கார வேண்டியிருக்கிறதோ என்று ஜெயசுந்தரி மறுபடி ஒருநாளும் கேட்கவில்லை.

ஜூன் கடைசி வாரம் சாப்பிடும்போது ஆர்தர் சொன்னார். "முப்பதாம் தேதி மூணு மணிக்கு சென்டாஃப். திங்கட்கிழமை."

"புரொபேஷன் டாடி. லீவ் கிடையாது."

புரொபேஷனில் இருப்பவர்களுக்கும் அரைநாள் அனுமதி உண்டு. தந்தை ஓய்வு பெறுகிறார் என்று மூன்று வரி எழுதிக் கொடுத்தால் எந்த மேனேஜரும் மறுக்க மாட்டார். எத்தனை பேருக்கு அவர் அதை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆர்தர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "சரிம்மா," என்றார்.

முப்பதாம் தேதி மூன்று மணிக்கு வெயில் சுள்ளென்று இருந்தது. படிகளுக்கு முன்னால் வழக்கம்போல் மூன்று நாற்காலி போட்டிருந்தார்கள். ஜெயசுந்தரி நாசரேத் கல்யாணத்துக்குக் கட்டிய பட்டைக் கட்டியிருந்தாள். முதலில் பேச்சுகள். பெரியவர்கள் இரண்டு பேர் பேசிய பிறகு உலகநாதன் எழுந்தார். வேடிக்கையாகப் பேசினார். கோட்டயத்துக்காரனின் பதினோரு மாதத்தைச் சொன்னார். கூட்டம் சிரித்தது. அந்தக் கோட்டயத்துக்காரரே பின்னால் நின்று சிரித்தார்.

"ஆர்தர் சார் எழுதின லெட்டருக்கு நோ சொன்ன ஆள் இன்னும் பொறக்கல," என்று உலகநாதன் முடித்தார்.

எல்லோரும் கை தட்டினார்கள். உலகநாதனுக்குத் தெரியாது. பம்பாய் என்னாயிற்று என்று அவர் கேட்டபோது, பக்கத்திலேயே கிடைத்துவிட்டது, எதற்கு அவ்வளவு தூரம் என்று ஆர்தர் சொல்லியிருந்தார். ஜெயசுந்தரி மடியில் இருந்த கைக்குட்டையை நான்காக மடித்தாள். பிறகு எட்டாக மடித்தாள்.

லிங்கம்பள்ளி போட்டோக்காரர் முக்காலியை நட்டுக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். வெளியே எடுத்தார்.

"பாப்பா ராலேதா சார்?" என்று தெலுங்கில் கேட்டார்.

வரவில்லை என்று ஆர்தர் கையால் காட்டினார்.

"அயிதே ஆ குர்ச்சி தீசேயண்டி."

பியூன் வந்து மூன்றாவது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். நடுவில் இருந்த ஆர்தரைச் சற்றே நகர்ந்து மனைவி பக்கம் உட்காரச் சொன்னார்கள். நகர்ந்தார். போட்டோ எடுத்தார்கள்.

கார் மெதுவாகப் போயிற்று. வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். கை காட்டினார்கள். ஆர்தரும் காட்டினார். பின்சீட்டில் ஜெயசுந்தரிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் உட்காரும் இடம் இருந்தது. அங்கே அன்பளிப்பு ஃபிளாஸ்கையும் மாலைகளையும் வைத்திருந்தார்கள்.

ஏழேகாலுக்குப் பியூலா வந்தாள். கைப்பையை ஆணியில் மாட்டப் போனவள் அங்கே மாலை தொங்குவதைப் பார்த்து நின்றாள். சம்பங்கியும் ரோஜாவும். பாதி வாடியிருந்தது.

"எப்படி இருந்துச்சு டாடி?"

"நல்லா இருந்துச்சு."

"போட்டோ எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க. பத்து நாள் ஆகும் வர."

அவள் மாலையின் நாரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மே, ஜூன் என்று அவளுடைய உதடு அசைந்ததை ஆர்தர் பார்த்தார்.

"ரெண்டு மாசம் கேட்டீங்களே," என்றாள். "இதுக்கா?"

ஆர்தர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஹவ்," என்றார்.

பியூலா அவரைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"எங்கிட்ட கேட்டிருந்தா வந்திருப்பேனே டாடி. பம்பாயிலேருந்து ஒரு ராத்திரி ரயில்தானே."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. அவள் பையை மேஜைமேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். குழாய் நெடுநேரம் திறந்திருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்குப் பால் வந்தது. ஜெயசுந்தரி இட்லி வைத்தாள். தூறல் இருந்தது. பியூலா ஆறு ஐம்பதுக்குக் கிளம்பினாள். ஆர்தர் குடையை எடுத்துக் கொடுத்தார், வாங்கிக்கொண்டாள். எட்டு மணிக்குத் தொழிற்சாலையில் சங்கு ஊதியது. பத்து மணிக்கு எஸ்டேட் ஆபீசிலிருந்து ஆள் வந்து, குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்ற நோட்டீசைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிப் போனார். இரண்டு மாத அவகாசம். அந்த நோட்டீசை அடித்தது ஆர்தர்தான், போன வெள்ளிக்கிழமை. அதை ஃபைலில் வைத்தார். ஃபைலுக்குள் பியூலாவின் கையெழுத்தோடு ஒரு வெள்ளைத்தாள் இருந்தது. அதை எடுக்கவில்லை. மதியம் ரசமும் அப்பளமும். மூன்று மணிக்கு மழை விட்டது. பியூலா ஏழு இருபதுக்கு வந்தாள். பஸ் லேட் என்றாள்.